வைக்கோல் படப்புக்குள் நாலு குட்டி: வீட்டுப் பூனையா, வெருகா?

களக்காட்டுக்காரன் | ஞாயிறு, காலை 6.50

பிசான நெல் அறுப்பு முடிந்து, தொழுவுக்குப் பின்னால் வைக்கோலைப் படப்பாகப் போட்டிருக்கிறோம். இன்று காலை மாட்டுக்கு வைக்கோல் உருவப் போன அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஏலே, உள்ள என்னமோ சீறுது" என்றாள். பாம்புதான் என்று கம்போடு போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நாலு பூனைக்குட்டி. கண் திறந்திருக்கிறது. மண் நிறம், காலிலும் விலாவிலும் மங்கலான கோடு. உள்ளங்கை அளவு இருந்துகொண்டு என்ன சீறல்!

எங்கள் வீட்டுப் பூனை போட்ட குட்டி இல்லை. அவள் பெயர் கதம்பம். வெள்ளை, கறுப்பு, செவலை என்று மூன்று நிறமும் கலந்து, தொடுத்துப் போட்ட மாதிரி இருப்பாள். இப்போது நிறைமாதம். ஒரு வாரமாக அரிசி மூட்டை, துணிப்பெட்டி, அப்பாவின் ரேடியோவுக்குப் பின்னால் என்று இடம் பார்த்துக்கொண்டு திரிகிறாள். பானை வைக்கிற பிரிமணையைக் கண்டால் போதும், அதற்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு மாதிரி சுருண்டு படுத்துக்கொள்வாள். பானை தரையில் கிடக்கும். அவளுக்கென்று வைத்த கிண்ணத்துத் தண்ணீரைத் தொட மாட்டாள், மாட்டுத் தொட்டியில் எக்கிக் குடிப்பாள். ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தால் காது அசையாது. மீன்காரரின் ஹாரன் தெரு முனையில் கேட்டாலே வாசல் நடையில் ஆஜர். இரண்டும் ஒரே மாதிரி ஹாரன்தான், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு "சிறுத்தைக் குட்டி" என்று கிளப்பிவிட்டார்கள். மலையடிவாரத்தில் இருக்கிறோம், அந்த வார்த்தை போதும். காலையிலிருந்து பத்துப் பேர் போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் "வெருகுல்லா இது" என்கிறார். என்ன செய்வது? வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா?

சாளைத்தலை | ஞாயிறு, காலை 7.05

கொஞ்சினால் பூனை, சீறினால் வெருகு, சொல்லாமல் வந்து நாலு நாள் தங்கினால் சொந்தக்காரர். உங்கள் படப்பில் இருப்பது இரண்டாவது வகை. படம் போடுங்கள் அண்ணாச்சி.

கால்நடைப் பிள்ளை | ஞாயிறு, காலை 7.40

படம் போட வேண்டாம், முதலில் அந்தப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்புங்கள். நான் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் படித்தவன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் காட்டுப்பூனைக் குட்டிதான், உங்கள் பெரியவர் சொல்கிற வெருகு. சிறுத்தைக் குட்டி என்றால் உடம்பெல்லாம் கறுத்த புள்ளி நெருக்கமாக இருக்கும். வெருகுக் குட்டிக்கு இருக்கிற மங்கல் கோடு வளர வளர அழிந்துவிடும். தாயைப் பார்த்தால் சந்தேகமே வராது: வீட்டுப் பூனையைவிட நீளமான கால், கட்டையான வால், வால் நுனிப் பக்கம் கறுப்பு வளையம், காது நுனியில் கொஞ்சம் மயிர்.

பேரில்தான் காடு. அடர்ந்த காட்டைவிடக் கோரைப் புல், வாய்க்கால் கரை, கரும்பு, வயல் இவைதான் அதற்குப் பிடித்த இடம். அறுப்பு நேரத்தில் குட்டிகள் ஆள் கண்ணில் படுவது எல்லா வருஷமும் நடக்கிறது. "தாய் விட்டுட்டுப் போயிட்டு" என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். தாய் எங்கும் போயிருக்காது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கேயோ பதுங்கி உட்கார்ந்திருக்கும்.

அதனால் எடுக்காதீர்கள். உருவிய வைக்கோலை முன்பு இருந்த மாதிரியே மூடிவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். இருட்டின பிறகு தாய் வரும். 1972ஆம் வருஷக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்க்கவும் கூடாது. அம்மா கையில் கீறல் பட்டிருக்கிறதா? பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள். பூனை கீறினதுதானே என்று விட வேண்டாம்.

களக்காட்டுக்காரன் | ஞாயிறு, காலை 8.15

கீறவில்லை தம்பி, சீறினதோடு சரி. வைக்கோலை மூடியாச்சு. ஆட்களை விரட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பணகுடிக் காத்து | ஞாயிறு, காலை 9.30

எல்லாரும் கொஞ்சுகிறீர்கள். போன மாசம் என் கூண்டில் ஏழு கோழி போச்சு. கம்பி வலைக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே புகுந்திருக்கிறது. ஒன்றைத் தின்றுவிட்டு ஆறைச் சும்மா கொன்று போட்டிருந்தது. உங்கள் படப்பில் இன்றைக்கு நாலு குட்டி, அடுத்த வருஷம் நாலு கோழிக் கள்ளன். எங்கள் ஊர் என்றால் படப்பைப் பிரித்திருப்பார்கள்.

கால்நடைப் பிள்ளை | ஞாயிறு, காலை 9.55

பணகுடி அண்ணாச்சி, உங்கள் நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் மண்ணைப் பறித்து உள்ளே போய் ஏழையும் கொன்றது கீரியாகவோ மரநாயாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு, பழி எப்போதும் வெருகு தலையில்தான் விழும். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் ஆய்வு செய்து, ஒரு காட்டுப்பூனை ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து எலி வரை தின்னும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டும். கூண்டு வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கிக் கல் அடுக்கிவிட்டால் பறிக்கிற பிராணி எதுவும் உள்ளே வராது.

பணகுடிக் காத்து | ஞாயிறு, காலை 10.10

எலி என் நெல்லைத் தின்னட்டும், நான் கோழியைத் தின்றுகொள்கிறேன். சரி, வலையை இறக்கிப் பார்க்கிறேன்.

ஆச்சிபேரன் | ஞாயிறு, மதியம் 1.20

எடுத்து வளர்க்கலாமா என்று கேட்டதால் சொல்கிறேன். நான் எடுத்து வளர்த்தவன்.

கடையம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அறுப்பு வயலில் ஒரே ஒரு குட்டி கிடந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆச்சி திட்டிக்கொண்டே துணியைத் திரியாகச் சுருட்டி, ஆட்டுப்பாலில் நனைத்து வாயில் வைத்தாள். பிழைத்துவிட்டது. இரண்டு மாசம் வரைக்கும் வீட்டுப் பூனைதான். என் பள்ளிக்கூடப் பைக்குள் தூங்கும். பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் தவளை வந்தால் ஒளிந்திருந்து பாயும், தவளை குதித்தால் இது பயந்து ஆச்சி மடிக்கு ஓடும்.

மூன்றாம் மாசத்திலிருந்து வேறு பிராணி ஆயிற்று. பகலெல்லாம் மச்சில் இருட்டு மூலையில் கிடக்கும். ஆச்சியைத் தவிர யார் பக்கத்தில் போனாலும் காதை மடக்கிக்கொண்டு சீறும், என்னையும் சேர்த்து. தூக்கிக்கொண்டு வந்தவன் நான், அந்த நன்றி எல்லாம் கிடையாது. ஒரு நாள் விடிகாலையில் எதிர்வீட்டுச் சேவலைக் கொண்டுவந்து ஆச்சியின் தலையணைப் பக்கத்தில் போட்டுவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்தச் சேவலுக்குக் கொடுத்த காசும், எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் பேசாமல் இருந்ததும் தனிக்கதை.

எட்டாவது மாசம் ஒரு ராத்திரி போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று ராத்திரி ஓட்டின்மேல் வந்து நின்றதாம், ஆச்சி பார்த்திருக்கிறாள். கருவாட்டுத் துண்டைத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். இறங்கவில்லை. நாலாம் நாள் அதுவும் இல்லை. மழைக்காலம் வேறு. "நீ தூக்காம இருந்திருந்தா தாய்கிட்ட வேட்டை படிச்சிருக்கும், இப்ப அதுக்குத் தவளையைக் கண்டாலே பயம்" என்று ஆச்சி சாகிற வரைக்கும் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எடுக்காதீர்கள் அண்ணாச்சி.

அம்பை ஆத்துக்கரை | ஞாயிறு, மாலை 4.00

களக்காட்டுக்காரருக்குப் பூனை. எங்களுக்குக் கரடி.

களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் புலியை நான் கண்ணால் கண்டதில்லை. கரடியை மட்டும் எண்ணி மாளாது. எங்கள் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாடன் கோயில். வெள்ளிக்கிழமை ஏற்றுகிற விளக்கு சனிக்கிழமை காலையில் சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எண்ணெய் கிடையாது, திரியும் கிடையாது. பூசாரி ரொம்ப நாள் பையன்கள் மேல் சந்தேகப்பட்டார். ஒரு நாள் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போன எங்கள் மச்சான், உள்ளே "உர்ர்ர்" என்று பாயாசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது, அந்தச் சந்து வழியாகத்தான் கரையான் புற்றை உறிஞ்சும். மாடனுக்கு வைத்த நல்லெண்ணெயையும் அதே முறையில்தான் முடித்திருக்கிறது.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் கரடியோடு விளையாட்டு ஆகாது. கண் மந்தம், தலையைக் குனிந்து மும்முரமாகத் தின்னும், நாம் கிட்டே போகிற வரைக்கும் கவனிக்காது. கவனித்ததும் திடுக்கிட்டு முகத்தில் அடிக்கும். அதனால் இருட்டில் தோப்புக்குப் போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போவோம். மச்சான் பாடினால் மிளா மான்கூட ஓடிவிடும்.

பாபநாசத்துக் குரங்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனி இழை வேண்டும். ஒன்று மட்டும். எங்கள் பெரியம்மா வீட்டில் ஒரு பெண்குரங்கு, பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கூரையில் உட்கார்ந்திருந்தது. பேன் பார்த்தது. கீழே தாய்ப்பூனை தொண்டை கிழியக் கத்துகிறது. சாயங்காலம் அலுத்துப்போய்க் குட்டியை ஓட்டின்மேல் வைத்துவிட்டுப் போனது. குட்டிக்கு ஒரு கீறல் இல்லை.

வயக்காட்டான் | ஞாயிறு, மாலை 5.15

பூனையும் கரடியும் நல்லாயிருக்கு. காட்டுப்பன்றியைப் பற்றி யாராவது இனிப்பாக எழுதுங்கள் பார்ப்போம். குலை தள்ளப் போகிற ஏத்தன் வாழை முப்பது மரத்தைக் கிழங்கோடு ஒரே ராத்திரியில் கெல்லிப் போட்டுவிட்டுப் போனது. வீட்டில் உள்ள பழைய சேலை எல்லாம் வேலியில்தான் கட்டியிருக்கிறேன். என் பெண்டாட்டி கல்யாணச் சேலையைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறாள்.

சாளைத்தலை | ஞாயிறு, மாலை 5.20

பன்றிக்குப் பட்டுச் சேலை பிடிக்காதாம், கட்டிப் பாருங்கள்.

கூந்தன்குளம் வாசி | ஞாயிறு, இரவு 7.30

எங்கள் ஊர்ப் பூனைகளைப் போலச் சுகவாசிகள் வேறு எங்கும் கிடையாது. எங்கள் ஊர்ப் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை, தெருவில் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு மீன் கொண்டுவந்து கூட்டில் கக்கும். குஞ்சுகள் தள்ளுமுள்ளில் ஒன்றிரண்டைக் கீழே விட்டுவிடும். மரத்தடியில் நாலைந்து பூனை அண்ணாந்து பார்த்தபடி, பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுப் பூனைக்கு இந்த மாசங்களில் சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மேலே இருந்து மீன் மட்டும் விழாது, குஞ்சும் விழும். அப்போது பூனைக்கும் பிள்ளைகளுக்கும் ஓட்டப்பந்தயம்தான். பிள்ளைகள் ஜெயித்தால் குஞ்சு வனத்துறைக் காப்பிடத்துக்குப் போகும், அங்கே மீன் போட்டு வளர்ப்பார்கள். 1994இல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இந்தப் பழக்கம் உண்டு. தீபாவளிக்கு வெடி போட மாட்டோம். வெளியூரிலிருந்து பெண் எடுத்தால் முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டிவரும். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம், அதனால் சும்மா இல்லை, கொடுக்கல் வாங்கல்தான். ஓடு, துணி, தலை எல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், எங்களுக்குத் தெரிவதில்லை.

துபாய் தனிமரம் | ஞாயிறு, இரவு 8.10

இதையெல்லாம் இருபதாவது மாடியில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறேன். வீட்டுக்குப் போன் போட்டால் அம்மா முதலில் பூனையைப் பற்றித்தான் சொல்கிறாள். கால்நடைப் பிள்ளைக்கு ஒரு கேள்வி: அம்மா தினமும் அதற்குப் பால்கோவா கொடுக்கிறாள். இப்போது பூனைக்குக் காய்ச்சலாம், அரை மாத்திரை கொடுக்கவா என்கிறாள்.

கால்நடைப் பிள்ளை | ஞாயிறு, இரவு 8.14

மாத்திரை வேண்டவே வேண்டாம், உடனே போன் போட்டுச் சொல்லுங்கள். மனுஷனுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அந்த மருந்தை முறிக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, ஒரே மாத்திரையில் செத்துப்போகும். டாக்டரிடம் தூக்கிப் போகச் சொல்லுங்கள்.

பால்கோவா விஷயம்: பூனைக்கு இனிப்பு என்ற ருசியே தெரியாது, நாக்கில் அதற்கான அமைப்பு இல்லை. அது சாப்பிடுவது பாலின் கொழுப்புக்காக. சர்க்கரைக் காசு வீண்.

துபாய் தனிமரம் | ஞாயிறு, இரவு 8.31

சொல்லிவிட்டேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

நாலுமுக்கு மழை | ஞாயிறு, இரவு 9.45

மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கில் பிறந்து வளர்ந்தவன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் ஒரு கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது, எங்கள் தாத்தா காலத்திலிருந்து தேயிலை பறித்தோம். அங்கே பூனை வளர்ப்பது கீழே மாதிரி இல்லை. இருட்டினால் கதவுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுத்தை எடுத்துவிடும். பூனைகளுக்கே அது தெரியும். ஐந்தரை மணிக்கு மூடுபனி இறங்கும்போது லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு பூனை நின்று கதவைப் பார்த்துக் கத்தும். வேலை முடிந்து ஆட்கள் வருவதும் அந்த நேரம்தான். காலில் ஏறின அட்டையை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருப்போம், பூனை ஈரத்தோடு மடியில் ஏறும். விடிந்து கதவைத் திறந்தால் முற்றத்தில் காட்டுமாடு நிற்கும். அது போகிற வரைக்கும் பூனையும் வெளியே போகாது, நாங்களும் போக மாட்டோம்.

2024இல் தோட்ட வேலை நின்று ஒவ்வொரு குடும்பமாக இறங்கினோம். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிட்டன. எங்கள் பூனை சாம்பலைக் கூடையில் போட்டு மூடிக் கொண்டுவந்தோம். கீழே வெயில். ஒரு மாசம் அது பகலில் அங்கணத்து ஈரத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இன்னும் அந்தி சாய்ந்தால் வாசலில் நின்று கத்துகிறது. இங்கே சிறுத்தை கிடையாது, பக்கத்து வீட்டு டிவி சத்தம்தான். கதவைத் திறந்து உள்ளே விடுகிறோம்.

எல்லாப் பூனையும் கூடைக்குள் வரவில்லை. அதை விடுவோம்.

நாங்குநேரி மாமி | திங்கள், காலை 5.40

நாலுமுக்கு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

களக்காட்டுக் குட்டிகளைத் தாய் கவ்விக்கொண்டு போகும், பாருங்கள். எங்கள் ஊர் வானமாமலை மடம் வைணவத்தில் தென்கலைப் பிரிவு. சின்ன வயசில் தாத்தா மார்ச்சார நியாயம் சொல்லித்தரும்போது வீட்டுப் பூனையைத்தான் காட்டுவார். குரங்குக்குட்டி தாயைத் தானே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும், பெருமாள் அப்படித்தான் என்பார். நான் கேட்டேன், "தாத்தா, அது ஏழு வீடு மாத்துமே, பெருமாளும் அப்படி அலைக்கழிப்பாரா?" தாத்தா காப்பி குடிக்கப் போய்விட்டார்.

களக்காட்டுக்காரன் | திங்கள், காலை 6.20

ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவும் நானும் தட்டட்டியில் குப்புறப் படுத்திருந்தோம். நல்ல நிலா. பதினொன்றரை இருக்கும், வாழைத்தோட்டத்து வரப்பில் ஒன்று வந்தது. முதலில் நாய்க்குட்டி என்று நினைத்தேன், கால் அவ்வளவு உயரம். கட்டை வால். தொழுவு மூலையில் நின்று கால்மணி நேரம் அசையவில்லை.

சுவரில் கதம்பம் உட்கார்ந்திருந்தாள், இதை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டும் பார்த்துக்கொண்டன. கதம்பத்தின் வால் விளக்குமாறு மாதிரி விரிந்தது. சண்டை வரும், நிறைமாதத்துக்காரி செத்தாள் என்று எழுந்திருக்கப் போனேன், அப்பா கையைப் பிடித்து அழுத்தினார். வெருகு ஒரு தரம் கூடச் சீறவில்லை. கதம்பம் மெதுவாகப் பின்பக்கமாகவே நகர்ந்து, சுவரைவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள்.

அப்புறம் வேலை சுறுசுறுப்பு. ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி, பம்புசெட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கோரைக்குள் கொண்டுபோயிற்று. மூன்று முறை போய் வந்தது. நாலாவதுக்கு வருவதற்குள் யாரோ பைக்கில் வந்து லைட் அடித்துவிட்டார்கள். விடிகிற வரைக்கும் காத்திருந்தோம், வரவில்லை. ஒரு குட்டி உள்ளே கத்திக்கொண்டிருக்கிறது. அம்மா பால் வைக்கட்டுமா என்று நூறு தரம் கேட்டுவிட்டாள்.

கால்நடைப் பிள்ளை | திங்கள், காலை 6.35

வைக்க வேண்டாம். இன்னும் ஒரு ராத்திரி பாருங்கள். ஒரு பகல் பட்டினியைக் குட்டி தாங்கும். நாளைக் காலையிலும் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆச்சிபேரன் | திங்கள், காலை 6.36

துணித்திரி, ஆட்டுப்பால் எதுவும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

களக்காட்டுக்காரன் | செவ்வாய், காலை 5.55

போயாச்சு. எப்போது வந்தது என்றே தெரியவில்லை, இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

களக்காட்டுக்காரன் | அடுத்த வாரம் வியாழன், இரவு 8.20

கேட்டவர்களுக்குத் தகவல். அரிசி மூட்டை, துணிப்பெட்டி, ரேடியோ எல்லாம் பார்த்து முடித்த கதம்பம் கடைசியில் எங்கே குட்டி போட்டாள் தெரியுமா? படப்பில் அதே பொந்துக்குள். மூன்று குட்டி. கையை விட்ட அம்மாவைப் பார்த்துச் சீறினாள், ஆறு வருஷமாகச் சோறு போட்ட கையை. வைக்கோல் உருவ முடியவில்லை, எதிர்வீட்டில் கடன் வாங்கி மாட்டுக்குப் போடுகிறோம்.

பணகுடிக் காத்து | வியாழன், இரவு 8.50

வலையை முழங்கை ஆழம் இறக்கியாச்சு, அதற்கப்புறம் கோழி போகவில்லை. ஆனால் நெல் மூட்டையில் எலி தாங்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று எனக்கு. கோழியைத் தொடாத குட்டியாகப் பார்த்து எடுத்து வையும்.